குடிக்கூலியும் ஓய்வும்

உத்தியோகம் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நாற்பது வயதுக்குள் நாலு வீடு வாங்கிப் போட்டுவிட வேண்டும். மாதம் பிறந்ததும் குடிக்கூலி தானாகக் கைக்கு வந்து சேர வேண்டும். அப்புறம் மேலதிகாரியின் சிடுசிடுப்பும் வேண்டாம், பஸ் நெரிசலும் வேண்டாம். சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிடித்த புத்தகத்தைப் படிக்கலாம். நாலு சிநேகிதர்களுக்குக் கடிதம் எழுதலாம். ஒரு மனிதனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இந்த ஆசைக்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல். அதை முழுக்க நிறைவேற்றிக்கொண்டவர் ஒருவர் ரோமாபுரியில் இருந்தார். அவர் நாற்பது வயது வரையில்கூடக் காத்திருக்கவில்லை. இருபத்தைந்து வயதைச் சுற்றியே, ‘எனக்குப் பதவியும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்’ என்று ஒதுங்கிக்கொண்டு, எழுபத்தேழு வயது வரையில் நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போனார். டைட்டஸ் பொம்போனியஸ் அட்டிக்கஸ் என்பது அவர் பெயர். அவருடைய சிநேகிதர் கார்னீலியஸ் நெப்போஸ் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வைத்திருக்கிறார். இன்னொரு சிநேகிதர் அவருக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். அந்தச் சிநேகிதர், உலகம் அறிந்த பேச்சாளர் சிஸரோ. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால், குடிக்கூலியில் வாழ்வது என்றால் என்ன என்பது நன்றாக விளங்கும்.

அட்டிக்கஸ் பிறந்தது கி.மு. 110-ஐ ஒட்டி. அப்போது ரோமாபுரி, வெளியே ராஜ்யங்களை ஜயித்துக்கொண்டும் உள்ளே தன்னைத்தானே அடித்துக்கொண்டும் இருந்த காலம். மாரியஸ் கட்சி ஒரு பக்கம், ஸல்லா கட்சி ஒரு பக்கம். யாராவது ஒரு பக்கம் சேர்ந்தால்தான் மரியாதை. சேர்ந்தாலோ மறு பக்கத்தார் கையில் சாவு. அட்டிக்கஸின் உறவுக்காரர் ஒருவரே இந்தக் கலகத்தில் கொல்லப்பட்டார். வாலிபர் யோசித்துப் பார்த்தார். படிப்புக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, சொத்தில் பெரும்பங்கையும் எடுத்துக்கொண்டு ஆதன்ஸுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஏறக்குறைய இருபது வருஷம் அங்கேயே இருந்தார். ஆதன்ஸ் இருக்கும் அட்டிக்கா நாட்டின் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது.

போரில் வெற்றி பெற்று அந்த வழியாக வந்த ஸல்லா, இந்த வாலிபரின் படிப்பையும் பழக்கத்தையும் கண்டு மயங்கி, தம்முடன் ரோமாபுரிக்கு வந்துவிடும்படி வற்புறுத்தினார். அட்டிக்கஸ் மறுத்துவிட்டார். ‘யாருடன் சேர்ந்து உமக்கு எதிராக ஆயுதம் எடுக்கக் கூடாது என்று இத்தாலியை விட்டு வந்தேனோ, அவர்களுக்கு எதிராகவே என்னை அழைத்துப் போகாதீர்கள்’ என்பது அவர் பதிலின் சாரம். ஸல்லாவிடம் இப்படிப் பேசிவிட்டு உயிரோடு இருந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஸல்லாவோ அவரை மெச்சிவிட்டுப் போனார்.

சரி, இந்த நிம்மதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தகப்பனார் விட்டுப் போனது 20 லட்சம் ஸெஸ்டர்ஸ். கி.மு. 58-இல் தாய்மாமன் குவின்டஸ் கெய்ஸீலியஸ் இறந்தபோது வந்தது ஒரு கோடி. இந்த மாமன் லேசான ஆசாமி அல்ல. சொந்தக்காரர்களுக்கே நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்குக் குறைந்து ஒரு காசு பெயராது என்று சிஸரோ ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார். எவரோடும் ஒத்துப்போகாத அந்தக் கிழவரின் மனம் கோணாமல் கடைசி வரையில் நடந்துகொண்டவர் மருமகன் ஒருவர்தான். அதற்குப் பலனும் கிடைத்தது.

இத்தனை பணம் வந்தபின்னும் அட்டிக்கஸ் தம் செலவைக் கூட்டவில்லை என்று நெப்போஸ் வியந்து எழுதுகிறார். கணக்குப் புத்தகத்தைத் தாமே பார்த்ததாகவும், வீட்டுச் செலவு மாதத்துக்கு 3,000-த்துக்கு மேல் போனதில்லை என்றும் சொல்கிறார். ஆடம்பரத் தோட்டம் இல்லை, கடலோர மாளிகை இல்லை. வருமானம் முழுவதும் இரண்டே இடங்களிலிருந்து வந்ததாம். ஒன்று, கிரேக்க தேசத்துக்கு வடமேற்கே எபைரஸில் இருந்த பண்ணை. மற்றொன்று, நகரத்துச் சொத்துக்கள். (வட்டிக்கு விட்ட பணமும் அவருக்கு உண்டு என்பது சிஸரோவின் கடிதங்களில்தான் தெரிகிறது. சிநேகிதர் எழுதும் சரித்திரத்தில் சில சில்லறை விஷயங்கள் விட்டுப்போவது சகஜம்.)

அந்தக் கால ரோமாபுரியில் நகரத்துச் சொத்து என்றால் என்ன? பணக்காரர்கள் தனி வீட்டில் இருந்தார்கள். மற்ற ஜனங்கள் இருந்தது இன்சுலா என்ற அடுக்கு வீடுகளில். அந்தச் சொல்லுக்குத் தீவு என்று அர்த்தம். ஐந்து மாடி, ஆறு மாடி என்று நெட்டுக்கு நிற்கும். தெருவை ஒட்டிக் கீழே கடைகள். அதற்கு மேல் வசதியுள்ள குடித்தனங்கள். மேலே போகப் போக அறை சிறுக்கும், இருட்டும், குடிக்கூலியும் குறையும். உச்சி மாடிக்குத் தண்ணீர் ஏறாது. குளிருக்குக் கரிச்சட்டிதான் துணை. அந்தக் கரிச்சட்டியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் கட்டடம் முழுவதும் சாம்பல். பின்னால் சக்கரவர்த்தியான அகஸ்டஸ், தெருவோரக் கட்டடங்கள் 70 அடிக்கு மேல் எழும்பக் கூடாது என்று விதித்தார். டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். இரண்டு பேர் விதிக்க வேண்டியிருந்தது என்றால், கட்டினவர்கள் எப்படிக் கட்டினார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தீப்பொறியிலும் லாபம் கண்டவர் கிராஸஸ். எரிகிற வீட்டையும், எரியப் போகிற பக்கத்து வீட்டையும், உடைமைக்காரன் பதறி நிற்கும் நேரத்தில் அற்ப விலைக்கு வாங்குவார். கட்டட வேலை தெரிந்த 500-க்கு மேற்பட்ட அடிமைகள் அவரிடம் இருந்தார்கள். ரோமாபுரியின் பெரும்பகுதி இப்படித்தான் அவர் கைக்கு வந்தது என்கிறார் புளூட்டார்க். இத்தனை சேர்த்தும் கிராஸஸுக்கு ஓய்வு பெறத் தோன்றவில்லை. படைத் தலைவன் என்ற பெயருக்கு ஆசைப்பட்டுப் பார்த்திய நாட்டின்மீது போருக்குப் போய், கி.மு. 53-இல் கார்ரே போர்க்களத்தை அடுத்து உயிரை விட்டார். போதும் என்ற சொல்லைக் கற்றிருந்த அட்டிக்கஸ் அப்போது வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

சிஸரோவின் விஷயம் வேறு. அவர் வீட்டுக்காரராகவும் இருந்தார், சதா தவித்துக்கொண்டும் இருந்தார். அவென்டைன் குன்றிலும் ஆர்கிலேட்டம் தெருவிலும் இருந்த அவருடைய அடுக்கு வீடுகள் மனைவி டெரன்ஷியா சீதனமாகக் கொண்டு வந்தவை. வருஷத்துக்கு ஏறக்குறைய 80,000 ஸெஸ்டர்ஸ் குடிக்கூலி வந்தது. ஸீஸர் சம்பளத்தை இரட்டிப்பாக்கியபின் ஒரு சிப்பாய்க்கு வருஷத்தில் கிடைத்தது 900 ஸெஸ்டர்ஸ். ஆக, கிட்டத்தட்ட 90 சிப்பாய்களின் ஊதியம் அது. அந்தப் பணத்தை ஆதன்ஸில் படித்துக்கொண்டிருந்த மகன் மார்க்கஸின் செலவுக்கென்று சிஸரோ ஒதுக்கி வைத்தார். அங்கே பணம் போய்ச் சேரும் ஏற்பாட்டை அட்டிக்கஸ் கவனித்தார். பையன் சிலகாலம் படிப்பைவிடக் குடியில் அதிக ஊக்கம் காட்டினான் என்பது தகப்பனாரின் துர்ப்பாக்கியம்.

கி.மு. 44, மார்ச்சு 15-ஆந் தேதி ஸீஸர் கொல்லப்பட்டார். ஒரு மாதம் கழித்து, ஊரே கதிகலங்கியிருந்தபோது, நேபிள்ஸ் வளைகுடாப் பக்கமிருந்து சிஸரோ அட்டிக்கஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் ராஜ்ய விவகாரத்தோடு வீட்டுச் சமாசாரமும் இருக்கிறது. தம்முடைய கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டனவாம். மற்றவையும் விரிசல் கண்டிருக்கின்றனவாம். குடியிருந்தவர்கள் மட்டும் அல்ல, எலிகள்கூட இடம் மாறிவிட்டன என்று வேடிக்கையாகச் சொல்கிறார். தத்துவம் படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று சாக்ரடீஸைத் துணைக்கு அழைக்கிறார். உடனே அடுத்த வரியில், புட்டியோலி ஊர் லேவாதேவிக்காரர் வெஸ்டோரியஸின் யோசனைப்படி திரும்பக் கட்டினால் இந்த நஷ்டமே லாபமாகிவிடும் என்று கணக்கும் போடுகிறார்!

இதைப் படிக்கும்போது நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் விரிசல் கண்ட சுவருக்குள் அது நாள் வரையில் படுத்துத் தூங்கியவர்கள் யார், எலிகளோடு சேர்ந்து எங்கே போனார்கள் என்ற விவரம் கடிதத்தில் இல்லை. சிஸரோவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பெரிய வீட்டுக்காரர்கள் குடியிருப்போரின் முகத்தையே பார்க்க வேண்டாதபடி ஒரு வசதி அப்போது இருந்தது. ஓர் அடுக்கு வீட்டை முழுசாக ஒருவன் குத்தகைக்கு எடுப்பான். அவன் ஒவ்வோர் அறையையும் உள்வாடகைக்கு விடுவான். சிஸரோவின் காலத்துச் சட்ட நிபுணர் அல்ஃபீனஸ் வாருஸ் எழுதி வைத்த வழக்கு ஒன்றில், 30-க்கு மொத்தமாக எடுத்தவன் 40-க்கு உள்வாடகை வாங்குகிறான். அந்தப் பத்து, மாடிப்படி ஏறி இறங்கி, கதவைத் தட்டி, கெஞ்சி மிரட்டி வசூலிக்கும் வேலைக்குக் கூலி. மிச்ச முப்பது, அந்தப் படியை மிதிக்காதவருக்கு.

குத்தகைக்காரன் இல்லாத இடத்தில் அடிமை இருப்பான். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பே நகரத்துச் சுவர் ஒன்றில் வாடகை விளம்பரம் எழுதியிருந்தது. இன்ன கட்டடத்தில் கடைகளும், மேல் மாடி அறைகளும், வீடும் ஜூலை முதல் தேதியிலிருந்து வாடகைக்கு விடப்படும்; வேண்டுவோர் வீட்டுக்காரர் நைஜிடியஸ் மாயஸின் அடிமை பிரைமஸைப் பார்க்கவும் என்பது அதன் விஷயம். வீட்டுக்காரரைப் பார்க்கவும் என்று எழுதவில்லை, பாருங்கள். வீட்டுக்காரருக்கு ஓய்வு; ஓட்டம் எல்லாம் பிரைமஸுக்கு.

ஜூலை முதல் தேதிதான் ரோமாபுரியிலும் வாடகைக் கெடு. அன்றைக்குக் கட்ட முடியாதவனின் தட்டுமுட்டுச் சாமான்களை வீட்டுக்காரர் ஈடாகப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு வருஷ பாக்கிக்காகச் சாமான் பறிபோய், கால் ஒடிந்த கட்டிலையும் மேஜையையும் சுமந்துகொண்டு குடும்பத்தோடு தெருவில் போகும் ஒருவனைக் கவி மார்ஷியல் கேலி செய்து பாடியிருக்கிறார். பாட்டில் நகைச்சுவை இருக்கிறது. சுமந்துகொண்டு போனவனுக்கு என்ன இருந்திருக்கும்?

அவர்களுக்குக் கோபம் இருந்தது. அது ஒரு சமயம் வெடிக்கவும் செய்தது. ஸீலியஸ் ரூபஸ் என்று சிஸரோவின் சீடர் ஒருவர். சிறு வயதில், பணக்காரர் வசிக்கும் பாலட்டைன் குன்றில் குளோடியஸ் என்பவரின் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார். கி.மு. 56-இல் அவர்மேல் வழக்கு வந்தபோது, இவன் 30,000 வாடகை கொடுக்கும் ஊதாரி என்று எதிரிகள் சொன்னார்கள். அவருக்காக வாதாடிய சிஸரோ, உண்மை வாடகை 10,000-தான், கட்டடத்தை நல்ல விலைக்கு விற்பதற்காக அதிகம் சொல்கிறார்கள் என்று மடக்கினார். எட்டு வருஷம் கழித்து, கி.மு. 48-இல், அதே ஸீலியஸ் நீதிபதிப் பதவியில் இருந்துகொண்டு, குடியிருப்போர் ஒரு வருஷ வாடகை கட்ட வேண்டாம் என்று மசோதாக் கொண்டு வந்தார். கடன்காரர் தொல்லை அவருக்கும் இருந்தது என்பார்கள். ஆனாலும் ஜனங்கள் திரண்டார்கள். கலகம் மூண்டு, ஸீலியஸ் பதவி இழந்து, தென் இத்தாலியில் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் டோலபெல்லா அதே மசோதாவை எடுத்தார். அவர் சிஸரோவின் சொந்த மாப்பிள்ளை! ஸீஸர் ஊரில் இல்லாத சமயம். மார்க் ஆன்டனி படையை நகரத்துக்குள் விட்டார். 800 பேர் மாண்டார்கள். ஸீஸர் திரும்பி வந்து, ரோமாபுரியில் 2,000 ஸெஸ்டர்ஸ் வரையிலும், இத்தாலியின் மற்ற இடங்களில் 500 வரையிலும் ஒரு வருஷ வாடகையைத் தள்ளுபடி செய்தார். செத்தவர்கள் கேட்டதில் ஒரு பகுதி, அவர்கள் செத்தபிறகு கிடைத்தது.

இந்தத் தள்ளுபடி சிஸரோவின் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது. கி.மு. 44-இல் எழுதிய கடமைகளைப் பற்றிய நூலில் அதைக் கண்டிக்கிறார். நான் பணம் போட்டு வாங்குவது, நான் கட்டுவது, நான் செப்பனிடுவது, அனுபவிப்பது மட்டும் நீயா என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது. இடிந்த கடைகளை நினைத்துக்கொண்டால், செப்பனிட்டது எப்போது என்று கேட்கவும் தோன்றுகிறது. இதில் இன்னொரு விசேஷம்: அந்த நூல் மகன் மார்க்கஸுக்கு உபதேசமாக எழுதப்பட்டது. மாடி அறைகளில் வசூலான காசில் ஆதன்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே மார்க்கஸுக்கு!

அட்டிக்கஸ் இப்படியெல்லாம் வாதாடியதாகத் தெரியவில்லை. அவர் செய்த தந்திரம் வேறு. வீடும் பண்ணையும் சோறு போடும். உயிரைக் காக்காது என்பதை அவர் வாலிபத்திலேயே தெரிந்துகொண்டிருந்தார். ஆகையால் எந்தக் கட்சியிலும் சேராமல் எல்லாக் கட்சியிலும் சிநேகிதம் வைத்துக்கொண்டார். தோற்றவனுக்கு உதவுவார், ஜயித்தவனிடம் கை நீட்ட மாட்டார். ஸீஸரைக் கொன்ற புரூட்டஸ் இத்தாலியை விட்டு ஓடியபோது ஒரு லட்சம் ஸெஸ்டர்ஸ் கொடுத்தார். ஆன்டனி தேசத் துரோகி என்று விரட்டப்பட்டபோது, அவருடைய மனைவி ஃபுல்வியாவுக்கு ஜாமீன் நின்றார். கி.மு. 43-இல் காற்று மாறி வீசியது. ஆன்டனி கூட்டத்தார் கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் போட்டார்கள். டிசம்பர் 7-ஆந் தேதி சிஸரோவின் தலை விழுந்தது. ஒளிந்துகொண்டிருந்த அட்டிக்கஸுக்கு மாத்திரம், பயப்பட வேண்டாம் என்று ஆன்டனி தம் கைப்படக் கடிதம் அனுப்பினார்.

நாற்பது வருஷ சிநேகிதர் தலை கொடுத்த அதே கையிலிருந்து இவருக்கு அபயம்! இதை விவேகம் என்பதா, வேறு பெயர் சொல்லி அழைப்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. பிற்பாடு அவருடைய மகளை ஆக்டேவியனின் தளபதி அக்ரிப்பாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தவரும் ஆன்டனிதான்.

இவ்வளவு பாடுபட்டுக் காத்த ஓய்வை அவர் எதற்குப் பயன்படுத்தினார்? இங்கேதான் என் மனசு அவர் பக்கம் சாய்கிறது. அவர் படித்தார், ரோமாபுரியின் சரித்திரத்தை ஆண்டு வாரியாகத் தொகுத்தார். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. சிஸரோ எழுதிய நூல்களைப் படித்துத் திருத்தம் சொல்லி, பிரதி எடுக்கச் செய்து பரப்பினார். தமக்கு வந்த கடிதங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அவை பதினாறு பாகங்களாக நிலைத்து, நூற்றாண்டுகள் கழித்து, 1345-இல் வெரோனா நகரத்தில் பெட்ரார்க் என்ற கவியின் கண்ணில் பட்டன. ரோமாபுரிக் குடியரசு நாளுக்கு நாள் எப்படிச் செத்தது என்று இன்றைக்கு நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அவற்றிலிருந்துதான். செனட்டில் முழங்கியவர்களும், படை நடத்தியவர்களும் செய்யாத இந்தக் காரியத்தை, ஒன்றும் செய்யாமல் இருக்க விரும்பிய ஒரு மனிதர் செய்திருக்கிறார்.

செய்தார் என்று சொன்னேன். அதிலும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. அட்டிக்கஸின் வீட்டில் அழகுக்காக வைத்த வேலைக்காரர்கள் இல்லை. படித்துக் காட்டுகிறவர்களும் பிரதி எடுக்கிறவர்களும் ஏராளம். கூடவே ஓடி வரும் ஏவலாளுக்குக்கூட இரண்டும் நன்றாக வரும் என்கிறார் நெப்போஸ். எல்லோரும் அந்த வீட்டிலேயே பிறந்து பழக்கப்பட்ட அடிமைகள். எழுத்தாணி பிடித்த அந்த விரல்களும், நகரத்தில் மாடிப்படி ஏறி வாடகை கட்டியவர்களும், எபைரஸில் மந்தை மேய்த்தவர்களும் சேர்ந்துதான் அந்த ஓய்வைத் தாங்கினார்கள். சிஸரோ பெயர் இருக்கிறது. அட்டிக்கஸ் பெயர் இருக்கிறது. எலிகளுக்குக்கூடக் கடிதத்தில் ஓர் இடம் இருக்கிறது.

நாலு வீடு கட்டிவிட்டு ஓய்வு பெற நினைப்பவர்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஓய்வு நல்ல வஸ்துதான். அதை யார் சுமக்கிறார்கள் என்பதை மாதம் பிறக்கும்போது ஒரு தடவை நினைத்துக்கொண்டு, கூரை ஒழுகினால் ஆள் அனுப்பினால் போதும். சிஸரோவைவிட நல்ல வீட்டுக்காரர் ஆகிவிடலாம்.

அட்டிக்கஸின் முடிவும் அவரைப் போலவே அமைதியானது. கி.மு. 32-இல் குடல் நோய் கண்டது. வைத்தியத்தில் பயன் இல்லை என்று தெரிந்ததும், உறவினரை அழைத்துச் சொல்லிவிட்டு உண்பதை நிறுத்திக்கொண்டார். சில நாளில் உயிர் பிரிந்தது. ஆடம்பரம் இல்லாமல், ஆப்பியன் சாலையில் ஐந்தாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்கென்று புதிதாகக் கல்லறை எழுப்பவில்லை. பன்னிரண்டு வட்டி வாங்கிச் சேர்த்து ஒரு கோடி விட்டுப் போன தாய்மாமன் கெய்ஸீலியஸின் கல்லறையிலேயே அவருக்கும் இடம் கொடுத்தார்கள்.